எல்லையில் நின்ற லாரியும் எல்லை தாண்டாத விசாரணையும்

ஹாங்காங்கில் புதிதாகப் பார்க்கும் தமிழர்கள் முதலில் கேட்பது "ஊரு எது?" என்றுதான். சித்தூர் என்பேன். "அப்ப நீங்க தெலுங்கா?" என்று அடுத்த கேள்வி வரும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, லாரி ஷெட்டில் இரண்டும் கலந்து என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிடும். இருபது வருடமாக இதே கதைதான்.

லாரி ஷெட் என்று சொன்னேன் அல்லவா, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் நைனாவிடம் ஒரே ஒரு லாரி இருந்தது. சித்தூர் வெல்ல மண்டியிலிருந்து லோடு ஏற்றி வேலூர் பக்கம் போவார். மாங்காய் சீசனில் பெங்களூரா காய். சித்தூரிலிருந்து காட்பாடிக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் நடுவில் மாநில எல்லை. இந்தப் பக்கம் ஒரு சாவடி, அந்தப் பக்கம் ஒரு சாவடி. பர்மிட் தாளுக்குள் மடித்து வைத்த நோட்டு இரண்டு இடத்திலும் கை மாறும். நைனாவின் கணக்கு நோட்டில் இதற்கு "வழிச் செலவு" என்று பெயர். இரண்டு வரியாக எழுதுவார்: "நம்ம பக்கம்", "அவங்க பக்கம்".

ஒரு ஐப்பசி மாத ராத்திரி, வழக்கமான தொகையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். நைனா தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லாரியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஏதோ ஒரு தாள் சரியில்லையாம். ஒன்றரை நாள் அங்கேயே நின்றது. அந்த ஒன்றரை நாளும் மழை. தார்ப்பாய்க்குக் கீழே வெல்லம் கசிந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. மண்டிக்காரர் பாதி விலைதான் கொடுத்தார். அந்த வருடம் நடக்க வேண்டிய என் அக்காவின் கல்யாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போனது.

அது எந்தச் சாவடி, எந்தப் பக்கம் என்று சொல்லப் போவதில்லை. சொல்ல வந்தது வேறு. புகார் கொடுங்கள் என்று அம்மா சொன்னபோது நைனா கேட்டார்: "யாருகிட்ட? வண்டி நம்பரு ஒரு ஸ்டேட்டு, சாவடி ஒரு ஸ்டேட்டு. இவன் அவன்கிட்ட போன்னுவான், அவன் இவன்கிட்ட போன்னுவான்." அதோடு பேச்சு முடிந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் அந்தக் கோடு எப்போது வந்தது என்று பார்ப்போம். கம்பெனி காலத்தில் வேலூர், திருத்தணி, சித்தூர், திருப்பதி எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதற்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் தனி மாவட்டமானது. அப்போதும் எல்லாம் சென்னை மாகாணத்துக்குள்ளேயே. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் மாநில எல்லை என்ற ஒன்று வந்தது. அதற்கு எதிராக ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு பட்டாஸ்கர் தலைமையில் பேச்சு நடந்து, 1959ல் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1ல் எல்லை மாற்றம் அமலானது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகி எங்களை விட்டுப் பிரிந்துவிட்டது, அது வேறு கதை.

கோடு இல்லாத காலத்தில் ஊழல் இல்லையா என்று கேட்டால், தாராளமாக இருந்தது. திருமலைக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்காடு நவாப் காலத்தில் கோயில் வருமானமே குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரர் எவ்வளவு வசூலித்தார், எவ்வளவு கட்டினார் என்பது அவருக்கே வெளிச்சம். 1801ல் நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனபோது, கோயில் நிர்வாகமும் சித்தூரில் இருந்த கலெக்டரின் மேற்பார்வைக்கு வந்தது. அப்போதைய கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803ல் கோயிலைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்று எழுதினார். 1821ல் வந்த 'புரூஸ் விதிகள்' கோயிலில் யாருக்கு என்ன பொறுப்பு, என்ன உரிமை என்று 42 பிரிவுகளில் வரையறுத்தது. கணக்கைப் பல கண்கள் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊர்ப் பக்கம் 200 வருடம் பழையது.

1843ல் கம்பெனி, கோயில் வேலை நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டு நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைத்தது. அதற்குப் பிறகு 90 வருடம் அவர்கள் நிர்வாகம். அந்தக் காலத்தில் வழக்குகளுக்குக் குறைவே இல்லை. கோயிலுக்கு ஒரு நிர்வாகத் திட்டம் வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றத்தில் ஆரம்பித்த ஒரு வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் போய், கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சிலில் 1907ல் முடிந்தது. மலை மேல் இருக்கும் உண்டியலுக்குக் கணக்குக் கேட்க லண்டன் வரை போக வேண்டியிருந்தது! கடைசியில் சென்னை சட்டசபை போட்ட சட்டத்தால் 1933ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தூரம் அதிகம், வருடங்கள் அதிகம், ஆனாலும் கீழிருந்து மேல் வரை ஒரே ஏணி. சித்தூர், சென்னை, லண்டன். எந்தப் படியில் ஏற வேண்டும் என்று புகார்தாரருக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியாமல் போனது அதுதான்.

இப்போது லஞ்ச ஒழிப்புத் துறைகள் பிறந்த கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்துக்குச் சாமான் வாங்குவதில் நடந்த ஊழலைப் பிடிக்க 1941ல் ஸ்பெஷல் போலீஸ் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். 1946ல் அதற்கு டெல்லி ஸ்பெஷல் போலீஸ் சட்டம் வந்தது. 1963 ஏப்ரல் 1ல் அதுவே சி.பி.ஐ. ஆனது. இன்றைக்கும் சி.பி.ஐ.க்கு அதிகாரம் கொடுப்பது அந்த 1946 சட்டம்தான்.

1962ல் ஊழலைத் தடுக்க வழி சொல்லும்படி ஒரு கமிட்டி போட்டார்கள். போட்டவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. தலைவர் நம்ம ஊர்க்காரர், தஞ்சை மாவட்டத்து கே. சந்தானம். இந்தக் கமிட்டி சொன்னதை வைத்துத்தான் 1964ல் மத்திய விஜிலென்ஸ் கமிஷன் வந்தது. மாநிலங்களும் தங்கள் தங்கள் அமைப்பை உருவாக்கிக்கொண்டன. ஆந்திராவின் ஏ.சி.பி. 1961லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்புத் துறை 1964ல் வந்தது.

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1960ல் கோடு. 1961ல் கோட்டுக்கு வடக்கே ஒரு துறை. 1964ல் தெற்கே ஒரு துறை. கோடு போட்ட பிறகு பிறந்த பிள்ளைகள் இரண்டும். இரண்டுமே தன் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும்படி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

அதில் தப்பும் சொல்ல முடியாது. போலீஸ் என்பது அரசியல் சட்டப்படி மாநில விஷயம். ஒரு மாநில லஞ்ச ஒழிப்புப் போலீஸ் அடுத்த மாநிலத்தில் ஒரு வீட்டைச் சோதனை போடவோ, ஆளைப் பிடித்து வரவோ சட்டத்தில் வழி இருக்கிறது. உள்ளூர் போலீசுக்குச் சொல்லி, அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர்படுத்தி, அனுமதி வாங்கிக் கூட்டி வரலாம். ஆனால் அடுத்த மாநிலத்து அதிகாரியை அவர் நாற்காலியிலேயே கையும் களவுமாகப் பிடிப்பது என்பது வேறு. ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, வாங்கிய கையைக் கரைசலில் கழுவி, சிவப்பாக மாறுவதைச் சாட்சி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். சாட்சிகள் பெரும்பாலும் வேறு துறை அரசு ஊழியர்கள். பிறகு வழக்குத் தொடர அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்க அதிகாரம் உள்ளவரின் அனுமதி வேண்டும். 2018ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரி எடுத்த முடிவுகளைப் பற்றி விசாரணை ஆரம்பிக்கவே முன் அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. இது எல்லாமே அவரவர் மாநில அரசின் கையில்.

சரி, மேலே சி.பி.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அந்த 1946 சட்டத்தின் 6ஆம் பிரிவு, மாநில அரசு சம்மதிக்காமல் சி.பி.ஐ. அந்த மாநிலத்தில் அதிகாரம் செலுத்த முடியாது என்கிறது. ஆந்திர அரசு 2018 நவம்பரில் பொதுச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. 2019ல் ஆட்சி மாறியதும் புது அரசு திரும்பக் கொடுத்தது. தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. மத்திய அரசு சி.பி.ஐ.யை அரசியலுக்குப் பயன்படுத்துகிறது என்பது மாநிலங்கள் சொல்லும் காரணம். அது முழுக்கத் தவறு என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் எல்லையில் நிற்கும் லாரிக்காரருக்கு அந்தச் சண்டையில் என்ன கிடைத்தது?

எல்லை தாண்டி வேலை நடந்தே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. விசாரித்தது தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை. கணக்கில் வந்த சொத்துகளில் ஐதராபாத் திராட்சைத் தோட்டமும் ஒன்று. 2003ல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. தமிழ்நாட்டுப் போலீஸ் சேர்த்த ஆவணங்களை வைத்துக் கர்நாடக அரசு வழக்கறிஞர் வாதாடி, 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் விடுதலை, பிறகு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது. ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். மூன்று மாநிலங்களைத் தொட்ட வழக்கு. சேர்ந்து வேலை செய்தார்கள், ஆனால் தாங்களாகச் சேரவில்லை. உச்ச நீதிமன்றம் சேர்த்து வைத்தது.

இரண்டாவது உதாரணம் திருப்பதி லட்டு. 2024ல் நெய்க் கலப்படப் பேச்சு கிளம்பியபோது இங்கே ஹாங்காங்கில்கூட ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சுதான். அதில் அரசியல் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு முக்கியமாகப் பட்டது 2024 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. மாநில அரசு அமைத்த குழுவுக்குப் பதிலாக ஐந்து பேர் கொண்ட குழு. சி.பி.ஐ.யிலிருந்து இரண்டு பேர், ஆந்திரப் போலீசிலிருந்து இரண்டு பேர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து ஒருவர். மேற்பார்வை சி.பி.ஐ. இயக்குநர். 2025 பிப்ரவரியில் அந்தக் குழு நான்கு பேரைக் கைது செய்தது. உத்தராகண்ட், ஆந்திரா, தமிழ்நாடு என்று மூன்று மாநிலத்துப் பால் நிறுவனங்களோடு சம்பந்தப்பட்டவர்கள் அவர்கள். நெய் டேங்கர் எத்தனை எல்லை தாண்டி வந்ததோ, விசாரணையும் அத்தனை எல்லை தாண்டியது. தனியாக ஒரு மாநிலத் துறை இதைச் செய்திருந்தால் ஒவ்வொரு எல்லையிலும் நின்று நின்றுதான் போயிருக்கும். ஆனால் இங்கேயும் சேர்த்து வைத்தது நீதிமன்றம்தான்.

மூன்றாவது, மனசு கனக்கும் உதாரணம். செம்மரம். சேஷாசலம் காடும் அதைச் சுற்றியுள்ள மலைகளும்தான் அதற்கு வீடு. அங்கே வெட்டிய மரம் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீனா வரை போகிறது. நான் இருக்கும் ஹாங்காங்கிலும் சுங்கத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. ஊர் மரத்தை இந்த ஊர் செய்தியில் பார்க்கும்போது வரும் உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை டன் மரம் அத்தனை சாவடி தாண்டி, துறைமுகம் தாண்டி எப்படி வந்தது? சில இடத்தில் ஏமாற்றியிருப்பார்கள். எல்லா இடத்திலும் ஏமாற்றினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே காட்டில் தனிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லப்பட்டது. விசாரணைகள் எல்லை தாண்டிச் சேராதபோது, சங்கிலியில் கடைசிக் கண்ணிதான் அறுபடுகிறது. கோடாலி பிடித்தவன் தெரிகிறான். கப்பலில் ஏற்றியவன் தெரிவதில்லை.

இங்கே ஹாங்காங்கின் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. 1973ல் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரியிடம் கணக்கில் வராத 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் இருப்பது தெரிந்தது. விசாரணை நடக்கும்போதே தன் போலீஸ் பாஸைக் காட்டி விமான நிலையத்தைக் கடந்து, சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்து போய்விட்டார். ஹாங்காங் சட்டப்படி வருமானத்துக்கு மேல் சொத்து வைத்திருப்பது குற்றம். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றமே இல்லை. அதனால் அனுப்ப மாட்டோம் என்ற நிலை. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரியில் போலீசுக்கு வெளியே, தனியாக ஐ.சி.ஏ.சி. என்ற லஞ்ச ஒழிப்பு ஆணையம் பிறந்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்கும் ஒன்றைத் தேடியதுதான். லஞ்சம் வாங்கியதற்கே நேரடிச் சாட்சியைப் பிடித்தார்கள். 1975 ஜனவரியில் காட்பரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். நான்கு வருடம் சிறை.

தென்கிழக்கு ஆசியாவில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருனே நாடுகளின் லஞ்ச ஒழிப்பு அமைப்புகள் 2004 டிசம்பரில் ஜகார்த்தாவில் ஒப்பந்தம் போட்டன. பிறகு மற்ற நாடுகளும் சேர்ந்தன. ஐ.நா.வின் ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தம் 2003ல் வந்தது, இந்தியா 2011ல் ஏற்றது. தனித்தனிக் கொடி, தனித்தனிச் சட்டம் உள்ள நாடுகளே தகவல் பரிமாற ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரே சட்டப் புத்தகம் வைத்திருக்கும் சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில் அது எத்தனை சுலபமாக இருக்க வேண்டும்!

இதற்கென்று ஒரு மேடையும் நம்மிடம் இருக்கிறது. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் அமைந்த தென் மண்டலக் கவுன்சில். எல்லைப் பிரச்சினை, மாநிலங்களுக்கு இடையே போக்குவரத்து எல்லாம் பேசலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 29ஆவது கூட்டம் 2021 நவம்பர் 14 அன்று எங்கே நடந்தது தெரியுமா? திருப்பதியில்! எல்லைச் சாவடிகளில் இரண்டு மாநில லஞ்ச ஒழிப்புத் துறையும் ஒரே நாளில் சேர்ந்து சோதனை போடலாம். ஒரு பக்கம் கொடுத்த புகாரை மறு பக்கம் அனுப்பி, பதில் வாங்கித் தரலாம். ஒரே தொலைபேசி எண்ணை இரண்டு சாவடியிலும் இரண்டு மொழியிலும் எழுதி வைக்கலாம். சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், இரண்டு கையெழுத்து போதும்.

சில மாற்றங்கள் வராமலும் இல்லை. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். ஆயிரம் சோதனையில் குறையாத மாமூல், அங்கே நாற்காலியை எடுத்ததும் குறைந்தது. 2024 ஜூலை முதல் அமலான புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்று வந்திருக்கிறது. நைனாவின் பழைய கேள்விக்குச் சட்டம் பாதி பதில் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஏழு வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பலாம். ஊரில் லாரி, கான்ட்ராக்ட், நிலப் பதிவு என்று அலையும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி "எப்படியாவது முடிச்சுக் குடுங்க" என்று சொல்லும் நமக்கும் இது பொருந்தும். நானும் அப்படி ஒருமுறை சொன்னவன்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்குப் போன் போட்டேன். லாரியை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கெட்டி. இந்த ஏழு நாள் கணக்கைச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாமாம் நைனா, இப்போ சட்டம் வந்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஏழு நாளா? எங்க வேணா குடுக்கலாம், சரி. குடுத்த காகிதம் கோட்டைத் தாண்டுமா கண்ணு? நம்ம வெல்லம் ரெண்டு நாளுகூடத் தாங்கலையே."